கழுகு ஒட்டிய கார்

உ
அல் குசைஸ், துபாய்
4.3.2005

அன்புள்ள சகலை அண்ணனுக்குத் தியாகு வணக்கம். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளைக்குச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை தூக்கம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? சலாலாவில் நல்ல தைலம் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், ஆள் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

போன் கார்டு சுகம் விசாரித்து முடிப்பதற்குள் தீர்ந்துபோகிறது, அதனால்தான் கடிதம். வாட்டர் டேங்க் கம்பெனியை விட்டுவிட்டேன் அண்ணே. இப்போது ஒரு கராஜில் வேலை. முதலாளி ஹென்ட்ரிக் என்று ஒரு தென்னாப்பிரிக்காக்காரர். அங்கே எடுத்த போட்டோதான் இதோடு வைத்திருப்பது. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், தரையோடு தரையாக இருக்கும். கறுப்புக் கண்ணாடி ரூம்காரருடையது.

நம் மாமனார் வீட்டுக்கும் ஒன்று அனுப்பினேன். மாமா அதற்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டாராம். சுந்தராம்பாள் அத்தை தெருவில் போகிறவர்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டுக் காட்டுகிறார்களாம். சங்கீதா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று தெரியும்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
தியாகு

உ
சலாலா
21.3.2005

தம்பி தியாகுவுக்கு விஜயபாஸ்கர் ஆசிகள். நீ நன்றாக இருப்பதைப் போட்டோவே சொல்லிவிட்டது, நான் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. என் முதுகு அப்படியேதான் இருக்கிறது. பதினோரு வருஷமாகக் குனிந்து கார் ஒடுக்கெடுத்து பெயிண்ட் அடிப்பவன் முதுகு வேறு எப்படி இருக்கும்?

போட்டோ எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? தெரியாது போலிருக்கிறது. மூத்த மாப்பிள்ளை என்று என் கல்யாண போட்டோவை மாமா மாட்டி வைத்திருந்தாரே, அந்த ஆணியில். நானும் கனகாவும் இப்போது அடுப்படி வாசலுக்கு மேலே புகை குடித்துக்கொண்டிருக்கிறோம். கனகா போனில் கேட்கிறாள்: "என் தங்கச்சி புருசன் நிக்கிற நிப்பப் பாத்தீங்களா? நீங்க அனுப்புன போட்டோவுல எல்லாம் உங்க பின்னாடி ஒரு ஒட்டகந்தான் நிக்குது." என்ன சொல்லட்டும் நான்? இந்த ஊரில் ஒட்டகம்தான் இருக்கிறது. அது வந்து மோதிய கார்களை நிமிர்த்துவதுதான் என் பிழைப்பு.

இருக்கட்டும். எனக்கு ஒரு சந்தேகம். உன் போட்டோவில் இருப்பது போன்ற இத்தாலிக் கம்பெனிக் கார் ஒன்றை மஸ்கட்டில் தொட்டுப் பார்த்தவன் நான். அதன் சக்கரத்தில் நடுவே ஒரே ஒரு பெரிய நட்டு. உன் காரில் ஐந்து. கதவு இடுக்கில் விரல் போகும்போல இருக்கிறது. மூக்கில் கழுகு முத்திரை இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருக்கிறது. கழுகு இல்லாமல் அந்தக் கம்பெனியில் இருந்து ஒரு வண்டியும் வெளியே வராதே! யாருடைய கார் தம்பி இது?

நேரம் கிடைக்கும்போது எழுது.
விஜயபாஸ்கர்

உ
அல் குசைஸ்
8.4.2005

அன்புள்ள அண்ணனுக்கு, உங்கள் முதுகுக்குத் தைலம் வாங்கி வைத்துவிட்டேன். நான் சுகமே.

ஆணி விஷயம் சத்தியமாக எனக்குத் தெரியாது. மாமாவிடம் பேசி மாற்றச் சொல்கிறேன்.

உங்கள் கண்ணைச் சும்மா சொல்லக் கூடாது அண்ணே! அது அசல் இல்லை. நாங்கள் கட்டியது. கீழே பழைய ஜப்பான் கார், மேலே நாங்கள் செய்த ஃபைபர் உடம்பு. ஒரு ஷேக் வீட்டு அசல் கார் பெயிண்டுக்கு வந்து ஒரு மாதம் இங்கே நின்றது. அதன் மேல் மெழுகு தடவி, ஃபைபர் போட்டு, துண்டு துண்டாக அச்சு எடுத்துவிட்டார் முதலாளி. கார்க்காரருக்குத் தெரியாது. அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். மற்றபடி வாங்குகிறவன் நகல் என்று தெரிந்தேதான் வாங்குகிறான். வண்டியைப் பதிவு செய்து தரும் முல்கியா அட்டையிலும் ஜப்பான் பெயர்தான். கழுகு நாங்கள் ஒட்டுவதில்லை.

டேங்க் செய்த கைக்கு இது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒவ்வொரு உடம்புக்கும் முதல் படலம் காயும் முன்னால் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு ஆணியால் உ கீறிவிட்டுத்தான் அடுத்த படலம் போடுவேன். "வாட் இஸ் திஸ்?" என்றார் முதலாளி. "எங்க ஊரு பழக்கம் சார், எது ஆரம்பிச்சாலும் போடுவோம்" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் மட்டும் இது அசல் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள் அண்ணே. அத்தை முகம் வாடிப்போகும்.

உங்கள் நலம் வேண்டும்,
தியாகு

உ
சலாலா
2.5.2005

தம்பிக்கு ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள், அந்த ஃபைபர் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

நான் ஏன் வீட்டில் சொல்லப்போகிறேன்? ஆனால் உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் நான் என்ன மூத்தவன்? இத்தாலியில் ஒருத்தன் அந்த வளைவை யோசிக்க எத்தனை வருஷம் உட்கார்ந்தானோ! நீங்கள் ஒரு மாதத்தில் மெழுகு தடவி உரித்து எடுத்துவிட்டீர்கள். கழுகு ஒட்டாவிட்டால் திருட்டு இல்லையா? தெருவில் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஹாலில் மாட்டியிருக்கிறதே, அதைப் பார்க்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள்?

நான் பெயிண்ட் அடித்த காரில் நசுங்கிய இடத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு யாரும் போட்டோ எடுத்து மாட்டவில்லை. வெளிப்படையாகவே எழுதுகிறேன், எனக்கு எரிகிறது. கண்ணாடி போட்டு நின்றவனுக்கு ஹால், வேலை தெரிந்தவனுக்கு அடுப்படி!

கோபமாக எழுதிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே.
விஜயபாஸ்கர்

உ
அல் குசைஸ்
28.5.2005

அன்புள்ள அண்ணனுக்குத் தியாகு வணக்கம். நலம்தான், கொஞ்சம் இருமல். தைலம் கிடைத்ததா?

சங்கீதா ஒன்று சொன்னாள். கனகா அக்கா போய் அத்தையிடம், "அது டூப்ளிகேட் காராம்மா, எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்சிட்டாரு" என்று சொன்னார்களாம். அத்தை நம்பவில்லையாம். "போடி, ஒம் புருசனுக்கு வயித்தெரிச்சல்" என்றார்களாம். விடுங்கள் அண்ணே. நீங்கள் அக்காவிடம் வாய் தவறிச் சொல்லியிருப்பீர்கள். நான் மனதில் வைக்கவில்லை.

நீங்கள் எழுதியதை இரண்டு நாள் யோசித்தேன். சினிமாவில் பார்த்த சட்டையைப் போல ஊரில் டெய்லர் தைத்தால் அது திருட்டா? அந்தச் சட்டையை நடிகர் போட்டதே இதுதான் என்று சொல்லி விற்றால்தான் திருட்டு என்று நான் நினைத்திருந்தேன். இப்போது அதுதான் வந்துவிட்டது. குவைத்தில் இருந்து ஒருவர் வாங்க வருகிறார். அவருக்கு அசல் என்று சொல்லியிருக்கிறார் முதலாளி. கழுகும், கம்பெனி நம்பர் தகடும் எங்கிருந்தோ செய்து வந்துவிட்டது. "தியாகு, யூ ஃபிக்ஸ். கலாஸ்" என்கிறார், பேச்சு முடிந்தது என்று. மாட்டேன் என்றால் விசா கேன்சல் ஆகும். ஒட்டினால் தூக்கம் வராது.

டிரைவிங் டெஸ்டில் ஆறாவது முறையும் ஃபெயில். கார் ஓட்டத் தெரியாதவன்தான் போட்டோவில் நிற்கிறான் அண்ணே, இதையும் நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். நான் என்ன செய்யட்டும்? கேட்க எனக்கு வேறு மூத்தவர் இல்லை. நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

தியாகு

உ
சலாலா
13.6.2005

அன்புத் தம்பிக்கு ஆசிகள். இருமலுக்கு மிளகுப் பால் குடி. தைலம் கிடைத்தது, முதுகு தேவலாம்.

கனகா விஷயத்தில் நான் ஒன்றும் சொல்ல வரவில்லை.

நீ கேட்டதற்கு நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். முதலாளி சொன்னதைச் செய்துவிடு. நமக்கு வேலை கையில்தான், வியாபாரம் அவருடையது. ஒரு முத்திரையை ஒட்டியதற்காக யாராவது ஃபைபர் வேலைக்காரனைப் பிடிப்பார்களா? பேசாமல் ஒட்டு.

லீவுக்குத் துபாய் வழியாகப் போகலாம் என்று நினைக்கிறேன். உன் கராஜ் அல் குசைஸில் எந்த இடம், ஷெட் நம்பர் என்ன? குவைத்துக்காரர் எப்போது வருகிறார்? அந்த இத்தாலிக் கம்பெனியின் ஏஜெண்ட் ஆபீஸ் துபாயில் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? சும்மா ஒரு அசல் காரைப் பார்க்கத்தான். சீக்கிரம் எழுது. முடிந்தால் போனே செய்.

உன் நலம் நாடும்,
விஜயபாஸ்கர்

உ
அல் குசைஸ்
15.7.2005

அன்புள்ள அண்ணனுக்கு, நான் நலம், நீங்கள் அதைவிட நலமாக இருக்க வேண்டும். ஷெட் நம்பர், குவைத்துக்காரர் வரும் தேதி எல்லாம் போனில் சொன்னதைக் குறித்துக்கொண்டீர்கள்தானே? அதற்குப் பிறகு ஒரு மாதமாகப் பேச்சே இல்லை. மழைத் தூறல் சீசன் என்று கூட்டமா அங்கே?

ஒட்டிவிட்டேன் அண்ணே. நீங்கள் சொன்ன பிறகுதான் கை வந்தது. ஆனால் சும்மா ஒட்டவில்லை. முதலாளியிடம் ஒரு கண்டிஷன் போட்டேன். "என் சகலை சலாலாவில் இருக்கிறார். அவர் பெயிண்ட் அடித்தால் உங்கள் காரை இத்தாலிக்காரனே அசல் என்பான். அவருக்கு விசா எடுத்துத் தந்தால் ஒட்டுகிறேன்" என்றேன். ஒத்துக்கொண்டார்! ஒட்டகம் போதும் அண்ணே உங்களுக்கு. ஹாலில் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற போட்டோவாக மாட்டச் சொல்லலாம்.

பாஸ்போர்ட் காப்பியும் ஆறு போட்டோவும் உடனே அனுப்புங்கள். குவைத்துக்காரர் சொன்னபடியே 30ஆம் தேதி வருகிறார். அதற்குள் பேப்பர் கொடுத்தால் கையோடு முடித்துவிடலாம்.

சந்தோஷத்துடன்,
தியாகு

உ
சலாலா
24.7.2005

தியாகு, எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட நேரமில்லை. உன் கடிதம் இன்று காலையில்தான் கையில் கிடைத்தது. மத்தியானத்தில் இருந்து எட்டு முறை போன் செய்துவிட்டேன், உன் போன் எடுக்கவில்லை. எனக்கு விசா வேண்டாம். அந்தக் கழுகைப் பிய்த்துப் போடு. தகட்டைக் கழற்று. உடம்பு சரியில்லை என்று சொல்லி ஊருக்கு லீவு போட்டுப் போய்விடு. 30ஆம் தேதி நீ அந்த ஷெட்டில் இருக்கக் கூடாது. ஏன் என்று கேட்காதே, மூத்தவன் சொல்கிறேன், போ.

விஜயபாஸ்கர்

உ
சலாலா
26.8.2005

தம்பிக்கு ஆசிகள். நீ எங்கே எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி போடு. ஒரு மாதமாகப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. சங்கீதாவிடம் கேட்டால், "ஏதோ ஆபீசுக்கு அலையிறாராம் அத்தான், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு" என்று அழுகிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலையில் பச்சைக் காருக்கு நீலப் பெயிண்ட் அடித்துவிட்டேன். பதினோரு வருஷத்தில் இப்படிச் செய்ததில்லை.

விஜயபாஸ்கர்

உ
தேரா, துபாய்
30.9.2005

அன்புள்ள அண்ணனுக்கு, உயிரோடு, சுகமாக இருக்கிறேன். சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இப்போது சாப்பிடுகிறீர்களா?

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். குவைத்துக்காரர் வருகிறார் என்று அந்த வாரம் இரவு பகலாக வேலை, போனை ரூமிலேயே போட்டுவிட்டேன். உங்கள் 24ஆம் தேதிக் கடிதம் கராஜ் பெட்டியில் கிடந்து எனக்குக் கிடைத்தது ஆகஸ்ட் முதல் தேதி. ஷெட்டுக்கு அதிகாரிகள் வந்தது 30ஆம் தேதி காலை. கழுகு ஒட்டியது யார் என்று கேட்டார்கள். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். முதலாளியையும் என்னையும் கொண்டுபோனார்கள்.

அங்கே மொழிபெயர்க்க வந்தவர் செய்கு அலாவுதீன், கீழக்கரைக்காரர். அவருடைய ரூமில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அதிகாரி மேஜையில் ஒரு கடிதம் இருந்தது. ஏஜெண்ட் ஆபீசுக்கு யாரோ பெயர் போடாமல் அனுப்பியது. இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது, துபாய் ஸ்டாம்ப். ஷெட் நம்பர், தேதி எல்லாம் சரியாக இருந்தது. அதன் தலையில் பேனாவால் ஒரு சுழி. "என்னா எழுத்து தம்பி இது?" என்று கேட்டார் அலாவுதீன் பாய். நான் பார்த்தேன்.

அதற்குள் இன்னொரு அதிகாரி போட்டோக்களைக் கொண்டுவந்து வைத்தார். கார்களைப் பிரித்து எடுத்தவை. ஒவ்வொரு டேஷ்போர்டுக்கு அடியிலும் அதே உ. கடிதத்திலும் அது, காரிலும் அது. அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். எழுந்து வந்து கை கொடுத்தார். "லெட்டர் எழுதுனது நீதானேன்னு கேக்குறாரு" என்றார் பாய்.

ஆமாம் என்றேன்.

முதலாளியை வைத்துக்கொண்டார்கள், என்னை மறுநாளே விட்டுவிட்டார்கள். நேர்மையான ஆள் என்று எழுதிக்கொண்டார்களாம். ஆனால் காட்டிக்கொடுத்தவனுக்கு அல் குசைஸில் எந்தக் கராஜும் வேலை தராது. விசா கேன்சல் ஆகிவிட்டது. அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன்.

கடிதத்தின் தலையில் உ போடாமல் எழுதத் தெரியாத ஆள் அது. யாரோ நம் ஊர்ப்பக்கத்து ஆள்தான். யார் என்று உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா அண்ணே?

தியாகு

சலாலா
4.11.2005

தியாகுவுக்கு, ஊர் போய்ச் சேர்ந்து நலமாக இருப்பாய். மேலே அதைப் போடப் பேனாவைக் கொண்டுபோனேன், கை வரவில்லை. இப்படியே எழுதுகிறேன்.

நான்தான். டைப் சென்டரில் அடித்து வாங்கி, துபாய் பஸ் டிரைவரிடம் கொடுத்து அங்கே போஸ்ட் செய்யச் சொன்னேன். உறையில் மடித்து வைக்கும் முன்னால் கை தானாகப் பேனாவை எடுத்து அதைப் போட்டுவிட்டது. போட்டது எனக்கே நினைவில்லை.

ஒட்டு என்று உனக்கு எழுதியதும் நான்தான், ஒட்டினால்தான் மாட்டுவாய் என்று. நியாயம், திருட்டு, இத்தாலிக்காரன் உழைப்பு என்று எழுதினேனே, அவன் யார் எனக்கு? அந்த ஆணிதான் தியாகு. அந்த ஒரு ஆணி. நீ எனக்கு விசா கேட்டிருக்கிறாய் என்று படித்தபோது தலையில் இடி விழுந்தது போல இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேற்று கனகா போனில், "தியாகு தப்புக்குத் துணை போகாம தைரியமாக் காட்டிக்குடுத்திட்டாருன்னு ஊரே பேசுது. அம்மா கோயில்ல அர்ச்சனை வச்சாங்க" என்றாள். கேட்டதும் என்ன தோன்றியது தெரியுமா? அந்தக் கடிதத்தை எழுதியது நான், பெயர் மட்டும் இவனுக்கா என்று! எனக்கு எரிந்தது. உன் வேலையைக் கெடுத்துவிட்டு, அதற்கு உனக்குக் கிடைத்த பெயரிலும் எனக்குப் பொறாமை. இதை எழுதுவதுகூட மனசாட்சி உறுத்தியா, அந்தப் பெயர் உனக்குப் போகக் கூடாது என்றா, எனக்கே தெரியவில்லை.

நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.
விஜயபாஸ்கர்

உ
அறந்தாங்கி
27.11.2005

அண்ணனுக்கு, இங்கே அனைவரும் நலம், மழை பிடித்துக்கொண்டது. முதுகு எப்படி? நீங்கள் போடாமல் விட்டதை உங்களுக்கும் சேர்த்து நானே போட்டிருக்கிறேன்.

நீங்கள்தான் என்று அந்த மேஜையிலேயே எனக்குத் தெரியும். ஆமாம் என்று சொன்னது உங்களைக் காப்பாற்ற என்று நினைத்துவிடாதீர்கள். இல்லை என்றால் ஒட்டிய கைக்கு விலங்கு மாட்டியிருப்பார்கள். என்னைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. என் கல்யாணத்தன்று மாமா மூத்த மாப்பிள்ளை என்று உங்களுக்குத்தான் முதல் இலை போடச் சொன்னார். மாலையும் கழுத்துமாக நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு வருஷமாக எரிந்தது அண்ணே. இரவல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் காரில் கை வைத்தது வேறு எதற்கு?

டேங்க் வேலைக்குப் புதுக்கோட்டையில் கேட்டிருக்கிறேன். ஹாலில் இருந்த கார் போட்டோவைக் கழற்றிவிட்டேன். உங்கள் கல்யாண போட்டோவைத் துணியால் துடைத்துப் பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன். கண்ணாடியில் ஏறிய புகைக்கறை போகவில்லை. "ஏங்க மாப்ள?" என்று அத்தை கேட்டார்கள். "அதுதான் அங்க இருக்க வேண்டியது" என்று மட்டும் சொன்னேன்.

கடிதம் வந்தது தெரிந்து, "எங்க வீட்டுக்காரர் என்ன எழுதியிருக்காரு?" என்று கனகா அக்கா கேட்டார்கள். நலம் விசாரித்திருக்கிறார் என்றேன். அதை யாரிடமும் காட்ட மாட்டேன், கிழிக்கவும் மாட்டேன். என் பெட்டியின் அடியில் இருக்கிறது. இத்தனை நாளில் நீங்கள் எனக்கு எழுதியதில் அசல் அது ஒன்றுதான்.

லீவில் வாருங்கள். முதல் இலை உங்களுக்குத்தான்.

தியாகு